விமலாவின் வயலின்

தொண்ணூறுகளின் கடைசியில் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நானும் சக ஊழியர் விமலாவும் வெள்ளிக்கிழமை பஜனையில் வயலின் வாசிப்போம். பத்து வருடம் கற்றவள் நான். ஆனால் இரண்டே வருடம் கற்ற அவரைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவர் கை கழுவப் போனபோது, சுருதி கெடட்டும் என்று அவருடைய வயலினில் கம்பியை இறுக்கி முறுக்கிவிட்டேன். அவர் வயலினை எடுத்துச் சுருதி சேர்க்கும்போது கம்பி அறுந்து, கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது.

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகலைங்க. பழைய கம்பி, நான்தான் மாத்தாம விட்டுட்டேன்" என்றார்.

"இல்லைங்க, நான்தான் முறுக்கினேன்" என்று அழுதேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் என்னிடம் பேசினார்.

இப்போது பொறாமை வந்தால் வீட்டுக்குப் போய்ச் சாதகம் செய்கிறேன். "கொஞ்சம் பிடிங்க" என்று யார் வயலினை நீட்டினாலும் தொடுவதில்லை.