காந்தம் பிடித்த இடம்

என் தங்கையின் கணவனுடைய படகு முகத்துவாரத்து மணல்மேட்டில் இடித்து, அதன் ஷாஃப்ட் வளைந்துவிட்டது. எஞ்சினிலிருந்து புரொப்பலருக்குப் போகிற ஸ்டெயின்லெஸ் தண்டு அது. கல்லடியில் இருக்கிற என் லேத் பட்டறைக்கு அவன் அதைக் கொண்டுவந்தபோது வளைவே தெரியவில்லை. கரையிலேயே அவனும் கூட்டாளிகளும் இரண்டு மரக்கட்டைகளில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தி, மினுக்கியும் இருந்தார்கள். இங்கே எல்லோரும் செய்கிற மடத்தனம்தான்.

"லேத்தில போட்டு ஓட்டம் பாத்துத் தா மச்சான்."

பார்த்தேன். சுற்றவிட்டபோது ஆட்டமில்லாமல் நேராகத்தான் ஓடியது.

பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று எங்கள் பக்கத்துப் பட்டறைகள் எல்லாவற்றிலும் கிடக்கும். ஒட்டினால் மட்டமான சாமான், ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ். அவன் அதை எடுத்துத் தண்டின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. நான் வாங்கி, அடி விழுந்த நடுப்பகுதியில் வைத்தேன். மெல்லப் பிடித்தது.

"என்ன மச்சான், நடுவில மட்டும் கள்ளச் சாமானா?" என்று சிரித்தான்.

தொழில்நுட்பக் கல்லூரியில் நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறேன். உலோகத்துக்குள் எல்லாம் மணிமணியாக நெருங்கிக் கிடக்கும். அடிபட்ட இடத்தில் மணிகள் நசுங்கி, உள்ளே அடுக்கே மாறிவிடும். மாறிய இடம் விறைக்கும், காந்தத்தையும் பிடிக்கும். சம்மட்டித் தழும்பில் மயிரிழை வெடிப்பு ஒன்று தொடங்கினால் போதும், தண்டு சுற்றச் சுற்ற அது ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குத் தாவி உள்ளே போகும். வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கும். ஒருநாள் பட்டென்று முறியும். முகத்துவாரத்து அலைக்குள் முறிந்தால் ஓட வழியில்லாமல் படகு கவிழும். இவ்வளவையும் அவனிடம் கத்தியே சொன்னேன்.

"எப்ப உடையும்?"

"தெரியா."

"நாளைக்கா?"

"தெரியாடா! வெடிப்பு விழுந்திட்டா எண்டே எனக்குத் தெரியா. கொழும்பில இருந்து புதுசு வருமட்டும் பொறு."

"மீன் பொறுக்குமா? அப்ப இது வருசக்கணக்கிலயும் ஓடலாம்?"

"ஓடலாம்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

பின்னேரம் தங்கை எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணன், நீங்க பாத்துச் சரியெண்டு சொன்னதாம். இப்பதான் எனக்கு நிம்மதி."

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். மணி, வெடிப்பு, அலை எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் அவன் கேட்டதையேதான் கேட்டாள்.

"எப்ப உடையும் அண்ணன்?"

அதே தண்டோடு இன்றைக்கும் கடலுக்குப் போயிருக்கிறான்.