அந்த மலைக்கு யார் விறகு போட்டது

ஜாவாவிலிருந்து திரும்பி வந்த மாமா வீட்டுக்குள் படுக்க மாட்டார். குளச்சலில் எங்கள் வீடு ஓடு வேய்ந்தது, கடற்காற்று தாராளமாக வரும். ஆனாலும் இரவு இஷா தொழுகை முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு முற்றத்துத் தென்னைக்கு அடியில் போய்விடுவார்.

"தேங்கா தலையில விழுந்தா என்ன செய்வே தம்பி?" என்பார் உம்மா.

"ஒரு தேங்காதானே லாத்தா, வீடு இல்லியே" என்று அக்காவுக்குப் பதில் சொல்வார் மாமா.

கப்பலேறிப் போனவனுக்குத் தலைக்கனம் என்றது ஊர். ஜின் பிடித்திருக்கிறது என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு. உண்மையில் எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஜாவாவில் நெருப்பு மலை ஒன்றின் அடிவாரத்தில் மாமாவுக்குத் துணிக்கடை இருந்தது. ஒருநாள் மலை வெடித்தது. சரக்கெடுக்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்த மாமா பிழைத்தார். "எல்லாம் போச்சு லாத்தா" என்று வந்திறங்கிய அன்று சொன்னார். அதற்குமேல் பேசவில்லை. எல்லாம் என்றால் துணி மூட்டைகள் என்று உம்மா எடுத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகளுக்கு வரும் எந்தக் கேட்டுக்கும் உம்மாவிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்று, கல்யாணம். தேங்காப்பட்டணத்தில் பெண் பார்க்க ஆரம்பித்தார். மலையைப் பற்றி மாமாவிடம் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவும் போட்டார்.

அந்த உத்தரவு இல்லாவிட்டால் நான் ஒருவேளை கேட்காமலே இருந்திருப்பேன்.

வாப்பா மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்குச் சாக்கு கொடுக்கும் வியாபாரம் செய்துவந்தார். கடற்கரையில் அள்ளும் கருமணலையும், அதோடு கலந்து கிடக்கும் தேன்நிற மணலையும் பிரித்து, சாக்கில் கட்டிக் கப்பலேற்றுவார்கள். காஸ் விளக்குக்குள் ஒளிவிடும் மாண்டில் வலை செய்ய அது தேவையாம். கிழிந்த சாக்குகள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும். மாமா அவற்றைத் தைப்பார், நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். அப்படி ஒரு மத்தியானம், உம்மா அடுப்படியில் இருந்த தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"மாமா, அந்த மலைக்கு யாரு வெறகு போட்டது?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நானும் இதையேதான் கேட்டேன் மக்கா. மலையைக் காவல் பாக்க அங்க உலாந்தாக்காரர் ஒருத்தர் இருந்தாரு, ஹாலந்து தேசத்து வெள்ளைக்காரரு. நம்ம கடைக்கு வருவாரு. வெறகும் இல்ல, எண்ணெயும் இல்லன்னுட்டாரு. பூமி பொறந்தப்ப முழுக்க நெருப்புக் குழம்பாத்தான் இருந்துச்சாம். மேல மட்டும் கஞ்சி ஆறுனா ஆடை படியுமே, அது மாதிரி படிஞ்சிருக்கு. அதுக்கு மேலதான் நாம நடமாடுதோம்."

"அப்ப உள்ள இன்னும் ஆறலியா?"

"ஆறாது. கல்லே சூடு விட்டுக்கிட்டு இருக்காம். அப்படி ஒரு சாதிக் கல்லு. ஒங்க ஊரு கடக்கரை மணல்லயும் அது உண்டுன்னு அவர் சொன்னப்ப நான் நம்பல்ல."

நான் நம்பினேன். சாக்கை உதறித் தேன்நிற மணலாகப் பார்த்துச் சேர்த்து ஒரு சட்டி நிரப்பினேன். உம்மாவின் கோழி இட்ட முட்டை ஒன்றை அதற்குள் புதைத்து, நெல் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். வெந்தால் தின்பது, பொரிந்தால் வளர்ப்பது என்பது என் திட்டம். இரண்டுமே நடக்கவில்லை. வீடே நாறியது. எலி செத்துக் கிடக்கிறது என்று உம்மா பத்தாயத்தையே நகர்த்தினார். எனக்கு முதுகில் இரண்டு அடி விழுந்தது.

அழுதுகொண்டே தென்னைக்கு அடியில் போய், உலாந்தாக்காரர் பொய் சொல்லிவிட்டார் என்று மாமாவிடம் முறையிட்டேன்.

"பொய்யில்ல மக்கா. ஒரு சட்டி மணல் விடுத சூடு ஒன் கைக்குத் தெரியாது. ஆனா பூமி எம்மாம் பெருசு பாத்தியா? மேல மைல் கணக்குல மண்ணும் கல்லும் போர்வையா கெடக்கு. சூடு வெளிய போக வழியில்லாம காலம் காலமா சேருது. சேந்த சூடு கல்லை உருக்கும், நகத்தும். மூங்கிலை வளைச்சுப் பிடிச்சுப் பாரு. வளையும், வளையும், அப்புறம் படார்னு முறியும். அப்பதான் தரை ஆடும்." அதைச் சொல்லும்போது அவருடைய உள்ளங்கை தரையில் பதிந்திருந்தது, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல.

பின்னாளில் என் மகன் கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னபோது, மாமா சொன்னது பெரும்பாலும் சரி என்றே தெரிந்தது. எரிமலைக்கும் பூகம்பத்துக்கும் பூமி பிறந்தபோது அடைபட்ட சூடும், கற்கள் தாமே சிந்தும் சூடும் சேர்ந்துதான் வலுக் கொடுக்கின்றனவாம். என் முதுகுதான் அவசரப்பட்டு அடி வாங்கியிருக்கிறது.

பெண் வீட்டார் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். பெண்ணின் வாப்பாவும் அவர் தம்பியும். மாமாவுக்குப் புதுச் சட்டை. முன்னறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற உம்மாவின் முகத்தில் அத்தனை நிம்மதி. என் கையில் சர்பத் தட்டைக் கொடுத்து அனுப்பினார்.

அன்றைக்குக் கடற்கரைக் கோயிலில் திருவிழாக் கொடியேற்று என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கதினா வெடி முழங்கியது. ஓடுகள் அதிர்ந்தன. அலமாரிப் பீங்கான்கள் கலகலவென்று ஆடின.

அடுத்த நொடி நான் அந்தரத்தில் இருந்தேன். மாமா பாய்ந்து வந்து என்னைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். சர்பத் மொத்தமும் பெண்ணின் வாப்பா மடியில் விழுந்தது. "நூரி, நூரி" என்று கத்திக்கொண்டே ஓடினார் மாமா. ஜாவாவில் ஓடு என்பதற்கு அதுதான் வார்த்தை போலும் என்று நினைத்துக்கொண்டேன். முற்றத்து நடுவில் மண்டியிட்டு, என் தலைக்கு மேலே தன் உடம்பையே கூரையாகக் கவிழ்த்துக்கொண்டார். அவர் நெஞ்சு என் காதில் இடித்தது.

"இந்த ஆளுக்கா எம்பிள்ளையக் கேட்டீங்க?" என்று வந்தவர்கள் எழுந்தார்கள். வாப்பா அவர்கள் பின்னால் தெருவரை போய் ஏதேதோ சமாதானம் சொன்னார். உம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்து எங்களுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். வெகுநேரம் தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மாமாவின் பிடி தளரவில்லை.

"எத்தன வயசு தம்பி?" என்று உம்மா மெல்லக் கேட்டார்.

மாமா என் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டார். பிறகு, "இவ வயசுதான் லாத்தா" என்றார்.

உம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெற்ற மகளின் வயது மறந்துபோய், போயும் போயும் மாமாவிடம் கேட்கிறாரே, அதற்கு மாமாவும் சரியாகச் சொல்லாமல் மழுப்புகிறாரே என்று பெரிய வருத்தம். அவர் கைக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஒம்பது உம்மா, எனக்கு ஒம்பது" என்று நானே சொன்னேன்.