பாவுக்கு ஒதுங்கிய லாரி

இந்த ஊருக்கு வந்த புதிதில், நன்றாக ஓடுகிற ஒரு காரைப் பின்னால் போய்த் தள்ளியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். எலும்புக்குள் இறங்கும் குளிர். பட்டறைக்குப் போக ரோட்டோரம் நின்றிருந்தேன். தரையில் வெள்ளைப் பட்டைகள் தீட்டியிருந்தார்கள். அதற்கு 'ஸேப்ராபாட்' என்று பெயர் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. வந்துகொண்டிருந்த கார் எனக்கு நேரே நின்றுவிட்டது. முன்னால் மாடு இல்லை, பள்ளம் இல்லை, போலீஸ் இல்லை. நடுரோட்டில் ஒரு கார் காரணமில்லாமல் நின்றால் எங்கள் காஞ்சிபுரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வண்டி மக்கர். உள்ளே இருந்த பெரியவர் கையை வேறு அசைத்தார். தள்ளச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, பின்னால் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். மனிதர் பதறி இறங்கிவந்தார். என்னைக் காட்டினார், வெள்ளைப் பட்டையைக் காட்டினார், எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். எனக்காகத்தான் நின்றாராம். கையில் ஒன்றுமில்லாமல், வெறும் ஆளாக நின்ற எனக்காக.

அன்றைக்குப் பட்டறையில் எனக்கு வேலை ஓடவில்லை. சிரிக்கவேண்டிய விஷயம், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல் பிழைக்கப் போன இடத்தில் ரொட்டி தின்கிறவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பெரிய படிப்பாளி இல்லை. காஞ்சிபுரத்தில் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன். கப்பலில் சமையற்கட்டு வேலைக்கு ஏறி, ராட்டர்டாமில் இறங்கி, நெதர்லாந்தின் இந்தச் சின்ன ஊரில் ஒரு சைக்கிள் பட்டறையில் ஒட்டிக்கொண்டவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிளும், சைக்கிள் மிதிக்கிற மனுஷர்களும், அவர்கள் வாயில் வருகிற பழமொழிகளும்தான்.

எங்கள் தெரு நெசவாளர் தெரு. புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். அந்தப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால், விடிகாலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிச்சுப் போடுவார்கள். அந்த நேரத்தில் தெரு பாவுக்குச் சொந்தம். "பாவு நிக்குதுபா!" என்று ஒரு குரல் வந்தால் போதும், மாட்டுவண்டி நிற்கும், சைக்கிளில் வருகிறவன் எந்தக் கொம்பனாக இருந்தாலும் இறங்கிவிடுவான். இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு, சட்டை நுனிகூட நூலில் படாமல் ஓரமாகப் போவான். இதைச் சட்டம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் மீறியிருப்பார்கள்.

ஆனால் எங்கள் தெரு குட்டை, பாவு நெட்டை. அதைத் தாங்குகிற கடைசிக் கோல்கள் தெருமுனையைத் தாண்டி, வாலாஜாபாத் போகிற பெரிய ரோட்டின் ஓரத்தில் நிற்கும். மாட்டுவண்டிக் காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. நான் சொல்கிற காலத்தில் லாரிகள் வர ஆரம்பித்துவிட்டன. அந்த முனையில் ரோடு வளைகிறது. வளைவில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது.

என் அக்கா சரோஜாவின் புருஷன் தணிகாசலம் மாமா பால்காரர். முசரவாக்கத்தில் பிறந்தவர். இருட்டோடு சைக்கிளில் சொந்த ஊருக்குப் போய், இரண்டு கேனில் பாலை ஏற்றிக்கொண்டு விடியும்போது திரும்புவார். என் கடை வாசலைத் தாண்டும்போது மணியடித்துவிட்டு, "இன்னா மச்சான், ஊருக்கெல்லாம் காத்தடிக்கிறே, உன் வயித்துக்கு எப்ப அடிக்கப் போறே?" என்பார். என் ஒல்லி உடம்பு அவருக்கு நித்தியத் தமாஷ்.

அந்தக் காலையிலும் பாவு நின்றது. வளைவுக்கு வந்ததும் மாமா, எல்லோரையும்போல் சைக்கிளை விட்டு இறங்கினார். பாவின் கடைசிக் கோலைச் சுற்றிப்போக, வண்டியை உருட்டிக்கொண்டு பெரிய ரோட்டுக்குள் இறங்கி நடந்தார். அதே நேரம் வாலாஜாபாத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றிய லாரி வளைவில் திரும்பியது. டிரைவர் நம் பக்கத்து ஆள்தான். பட்டின் அருமை தெரிந்தவன். கண்ணில் முதலில் பட்டது பாவு. வெடுக்கென்று வலப்பக்கம் ஒடித்தான். பாவுக்கு ஒதுங்கிய மாமா நடந்துகொண்டிருந்த பக்கம் அது. பாவுக்கு ஒதுங்கிய லாரியும் அங்கேயே போனது. இரண்டு பேரும் மரியாதைதான் செய்தார்கள்.

நான் ஓடிப்போனபோது ரோடெல்லாம் பால். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தான். "பாவைப் பாத்தேம்மா... பாவைப் பாத்தேன்... ஆளைப் பாக்கலியே" என்று, அப்போதுதான் ஓடிவந்த என் அக்காவிடமே சொன்னான். பாவுக்குச் சொந்தக்காரர் கன்னியப்பர், நல்ல மனுஷர், பதட்டத்தில் நூலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லவேளை, பாவுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். வாயிலிருந்து வந்த வார்த்தை காதில் விழுந்ததும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று சொல்லிச் சொல்லித்தான் நாமெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்கிறோம். எங்கள் மூலையில் தலைப்பாகை தப்பித்துவிட்டது. தலை போய்விட்டது.

இங்கே போன வசந்த காலத்தில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் தெருவில் ஒரு குழந்தை கார் மோதிக் காலை ஒடித்துக்கொண்டது. மறுநாள் தெருவிலுள்ள பொம்பளைகள் வீட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து நடுரோட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. காப்பியும் கேக்கும். கார்கள் வரிசையாக நின்றன. பக்கத்து வீட்டு ஆனெக்க அம்மாள் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார். எனக்கு அந்த பாஷை அரைகுறை. "உங்கள் ஊரில் கார்கள் நிற்குமா?" என்று கேட்டார். "பட்டுக்கு நிற்கும்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "பட்டு உடுத்துகிற பணக்காரர்களுக்கு மட்டுமா?" என்று கேட்டார். இல்லை அம்மா, உடுத்துகிறவர்களுக்கு இல்லை, உடுத்துவதற்கு முன்னால், நூலாக இருக்கும்போது, தெருவில்... எனக்கு வார்த்தை போதவில்லை. கையை நீட்டி நீட்டிக் காட்டினேன். அவர் என் தட்டில் இன்னொரு கேக் துண்டை வைத்து, முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

இலை உதிர்வதற்குள் நகராட்சி ஆட்கள் வந்து செங்கல் பதித்து, தெருவின் இரண்டு முனையிலும் மேடு கட்டி, சைக்கிளுக்குத் தனிப் பாதை பிரித்துவிட்டுப் போனார்கள். மேட்டுக்கு 'ட்ரெம்பல்' என்று பெயர். முதல் நாள் அதன்மேல் ஒரு கார் மெதுவாக ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. என் அக்கா கேட்டதும் இந்த மேடுதானே.

மாமாவின் காரியம் முடிந்ததும் அக்கா ஒப்பாரியை நிறுத்திவிட்டு நகராட்சிக்குக் கிளம்பினாள். அந்த வளைவில் வண்டி மெதுவாக வர ஒரு வழி பண்ணுங்கள் என்று கேட்டாள். ரோடு எங்களுடையதில்லை, நெடுஞ்சாலைக்காரர்களுடையது என்றார்கள். அங்கே போனால், வளைவு ஊருக்குள் இருப்பதால் நகராட்சியைப் பாருங்கள் என்றார்கள். "அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்மா" என்று ஆறுதல் சொன்ன கன்னியப்பரிடம், "அம்மி நகரும்ணா. ஆபீசு நகராது" என்றாள்.

அதற்குள் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. மாமாவின் பால் வாடிக்கையை அக்கா எடுத்துக்கொண்டாள். முசரவாக்கத்துப் பையன் ஒருவன் தெருமுனைவரை பாலைக் கொண்டுவந்து தருவான். வாடிக்கை வீடுகள் எல்லாம் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமா விழுந்த அதே இடத்தைத் தினமும் விடிகாலையில் நடந்து கடந்தாள். நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் ஏறும்வரை பம்பைத் தொடமாட்டேன்.

கடைசியில் தெருவே கூடி மேடு கட்டியது. கன்னியப்பர்தான் முதல் கூடை செங்கல் உடைசலைக் கொட்டினார். மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, பிள்ளைகள் ஏறி மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். மறுநாள் வந்த பஸ் குதித்ததில் கண்டக்டர் தலை கூரையில் இடித்தது. "யாருய்யா ரோட்ல சமாதி கட்டினது?" என்று கத்தினார். "கட்டலீன்னா கட்ட வேண்டி வரும்பா, அதான்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு பஸ், லாரி எல்லாம் அந்த இடத்தில் ஆமை மாதிரி வந்தன. பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் சைக்கிளில் பயமில்லாமல் திரும்பினார்கள். அக்கா கேனோடு நிமிர்ந்து நடந்தாள். கொஞ்ச காலம்தான். ஒரு பெரிய மனிதரின் காருக்கு அடிவயிறு உரசிவிட்டது. மேட்டை நசுக்கிச் சமமாக்க ரோடு ரோலர் வந்தது. அக்கா எதிரே போய் நின்றாள். ரோலர்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு, "எனக்கு மட்டும் ஆசையாம்மா? நான் போனா வேற ஆளு வருவான்" என்றான். அவன் முகத்தைப் பார்த்து விலகிவிட்டாள். நான் கப்பல் ஏறிய மாதத்தில்கூட, அந்த இடத்தில் செங்கல் தூள் சிவப்பாகத் தெரிந்தது.

இந்தத் தை மாதம் லீவில் ஊருக்குப் போனேன். தெருமுனையில் இரும்புக் கம்பத்தில் புத்தம் புதுப் பலகை. அக்கா கேட்டது ஒருவழியாகக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகக் கிட்டே போய்ப் படித்தேன். 'போக்குவரத்துக்கு இடையூறாகச் சாலையில் பாவு நீட்டக் கூடாது.' எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. பாவு இப்போது தெருவுக்குள்ளேயே பாதி பாதியாக மடங்கி நின்றது. ஓரத்தில் நூல் நின்றவரைக்கும் டிரைவர்கள் கொஞ்சமாவது தயங்குவார்கள். இப்போது தடை எதுவும் இல்லை. லாரிகள் வளைவில் விசிலடித்துக்கொண்டு போயின.

"நான் வண்டியை அடக்குங்கன்னு கேட்டேன் கோவிந்து. அவங்க தெருவை அடக்கிட்டாங்க" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

என்னோடு வந்துவிடு என்றேன். அங்கே ஆள் நின்றால் கார் நிற்கும், சைக்கிளுக்குத் தனி ரோடு இருக்கிறது, உனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று அடுக்கினேன்.

"அங்க நின்னா எனக்கு இன்னாடா? இங்க நிக்கணும்."

"இங்க நிக்காதுக்கா."

"அப்ப நான் நின்னுக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கேனை இடுப்பில் ஏற்றினாள்.

அன்றைக்கு நானும் கூட நடந்தேன். வளைவில் ஓரமாக நின்று இடப்பக்கம் பார்த்தேன். ரோடு காலி. காலை எடுத்து வைத்தேன். சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வலப்பக்கமிருந்து வந்த லாரியின் காற்று முகத்தில் அறைந்தது. "எந்தப் பக்கம்டா பாக்கறே?" என்றாள். வண்டிகள் அங்கே ரோட்டின் வலப்பக்கம் போகும், முதலில் இடப்பக்கம்தான் பார்க்க வேண்டும், பழகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கக் காத்திருக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு லாரிக்கு நடுவில் கிடைத்த சந்தில் விடுவிடுவென்று கடந்து, அந்தப் பக்கம் ஏற்றிவிட்டாள். "நீ வூட்டுக்குப் போ, நான் பால் ஊத்திட்டு வந்துடறேன்" என்று முதல் வாடிக்கை வீட்டுச் சந்துக்குள் நுழைந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போக நான் திரும்பவும் அந்த ரோட்டைத் தாண்ட வேண்டும். வலப்பக்கம் பார்த்தேன். இடப்பக்கம் பார்த்தேன். எந்தப் பக்கம் முதலில் என்று உடம்புக்கு மறந்துபோயிருந்தது. என்னைப் பார்த்ததும் யாராவது வேகத்தைக் குறைப்பார்கள் என்று கால் தானாகக் காத்துக்கொண்டிருந்தது. யாரும் குறைக்கவில்லை. சைக்கிளில் வந்த ஒரு விடலைப் பையன் என் கோட்டையும் பூட்ஸையும் பார்த்துவிட்டுக் காலை ஊன்றினான்.

"இன்னா சார், பஸ்ஸுக்கா? இங்க நிக்காது."

"இல்லப்பா. வீடு அந்தப் பக்கம்."

"அப்ப போயேன். ஊருக்குப் புதுசா?"

பதிலுக்குக் காத்திராமல் மணியடித்துக்கொண்டு போய்விட்டான். எதிரே, ரோட்டின் அகலம் மட்டுமே தூரத்தில், எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிவதுகூடத் தெரிந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன்.