குழியில் இறக்கிய விளக்கு

நைனார்பாளையத்தில் அமிர்தத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் நெல் மூட்டைகளுக்கு நடுவே போய் ஒடுங்கிக்கொள்வாள். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை முன் சீட்டுக் கம்பியை விடமாட்டாள். தெருவே அவளைக் கேலி செய்யும். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே செய்வேன்.

ஒரு பயத்தை மட்டும் யாரும் கேலி செய்ததில்லை. அவளுடைய அண்ணன் காசிநாதன் தூர் வாரக் கிணற்றில் இறங்கி, விஷக்காற்றில் மயங்கி, பிணமாகத்தான் மேலே வந்தான். அன்றிலிருந்து யார் எந்தக் கிணற்றில் இறங்கினாலும் அமிர்தம் ஓடிவந்து, முதலில் விளக்கை இறக்கச் சொல்வாள். கயிற்றில் கட்டிய சிம்னி விளக்கு அடிவரை எரிந்தால் ஆள் இறங்கலாம், அணைந்தால் கூடாது. கிணறு வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

எண்பதுகளில் அரசாங்கம் சாண எரிவாயுவுக்கு மானியம் கொடுத்தது. மானியம் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் ஊர் ஆண்களுக்குத் தூக்கம் வராது. அமிர்தத்தின் கணவர் தெய்வசிகாமணிதான் முதலில் கட்டினார். கொல்லையில் குழி தோண்டி, செங்கல்லில் உட்சுவர் கட்டி, மேலே குடம் கவிழ்த்தாற்போல மூடி, குழாயைச் சமையல்கட்டுக்கு இழுத்தார்கள். திறப்புவிழாவுக்கு வந்த அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார். சுவரில் அரசு மானியத்தில் கட்டப்பட்டது என்று பெயின்ட்டில் எழுதவைத்தார். கசிவு இருக்கும் இடத்தில் நெருப்பு காட்டாதீர்கள் என்றும், இதை அரசாங்கச் சொத்து மாதிரிப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நெருப்பு விஷயத்தை எல்லாரும் சமையல்கட்டுக் குழாயோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். சொத்து விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டவன் பாவாடை.

பாவாடை அவர்கள் வீட்டுப் பண்ணையாள். நிலம் இல்லாதவன். தினமும் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து அந்தக் குழிக்குள் ஊற்றுவது அவன் வேலை. அமிர்தம் நீல நெருப்பில் சமைத்தாள். பயந்துகொண்டேதான் சமைத்தாள் என்றாலும், விறகுப்புகை இல்லாமல் அவள் இருமல் நின்றுபோனது உண்மை.

சில வருஷம் கழித்து வாயு வருவது குறைந்து, ஒருநாள் அடுப்பு எரியவே இல்லை. உள்ளே வைக்கோலும் சாணமும் ஏடு கட்டி இறுகிவிட்டது. அதை யாராவது இறங்கித்தான் வெட்டி எடுக்க வேண்டும். பாவாடை மூடியைத் திறந்து, கரைசலை வாளி வாளியாக இறைத்துக் கொட்டினான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனான். வீட்டுக்குள்ளிருந்து அமிர்தம் ஓடிவந்தாள்.

"நில்லு பாவாடை! வௌக்கு வுடாம எறங்காத!"

நானும் அங்கேதான் நின்றிருந்தேன். என் புத்திக்கும் எட்டவில்லை. சாணத்தை எடுத்துவிட்டால் அதுவும் ஒரு கிணறுதானே என்றுதான் தோன்றியது. "அவ சொல்றதும் சரிதான்" என்றார் தெய்வசிகாமணி. அமிர்தம் தன் கையாலேயே விளக்கைக் கொளுத்திக் கொடுத்தாள். பாவாடை குழிவாயில் குனிந்து கயிற்றை விட்டான்.

ஒரு முழம்கூட இறங்கியிருக்காது. பக்கென்று ஒரு சத்தம். உள்ளே தங்கியிருந்த சாண வாயு பற்றிக்கொண்டு, குழிவாய் முழுக்க நெருப்பு எழும்பி உடனே அடங்கியது. மூடியிருந்த செங்கல் கூடு வெடித்துப் பிளந்தது. பாவாடையின் வலது கையும் கழுத்தும் வெந்து தோல் சுருண்டு நின்றது. அமிர்தம் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீருக்கு ஓடினேன், தெய்வசிகாமணி டிராக்டருக்கு ஓடினார். திரும்பி வந்து பார்த்தால் பாவாடை இல்லை.

தேடாத இடமில்லை. கரும்புத் தோட்டம், ஏரிக்கரை, பாழுங்கிணறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. அமிர்தம் சோற்றைத் தொடவில்லை. ஏதோ புதருக்குள் செத்துக் கிடக்கிறான், தன் விளக்குதான் கொன்றது என்று என் தோளைப் பிடித்து உலுக்குவாள். தெய்வசிகாமணி சங்கராபுரம் பக்கம் பாவாடையின் தங்கை ஊரில் பார்த்துவரப் போனார்.

அவர் போன அன்று பாவாடையின் மனைவி செவ்வந்தி வந்து கொல்லைப்பக்கம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, அவரு கரியாலூர்ல வேடியப்பன் கொட்டாய்ல இருக்காரு. கவர்மெண்டு சொத்து ஒடஞ்சி போச்சி, போலீசு வரும், யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுன்னாரு. இப்ப கை அழுவிப் போச்சாம்மா. சந்தைக்கி வந்தவங்க சொல்றாங்க. எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியில."

வேடியப்பன் கரியாலூர் மலைமேல் விவசாயம் செய்பவர். பாவாடை மரவள்ளி பிடுங்க அவரிடம் போவதுண்டு. அமிர்தம் கணவருக்காகக் காத்திருக்கவில்லை, கட்டின புடவையோடு கிளம்பினாள். செவ்வந்தியும் நானும் கூடப் போனோம். மலைப்பாதையில் பஸ் வளைவுக்கு வளைவு சாய்ந்தபோது கம்பியை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் என் கையில் பதிந்தது.

கொட்டாய் என்ற அந்த ஓலைக் குடிசைக்குள் நுழையும் முன்பே புண் நாற்றம் அடித்தது. பாவாடை பாயில் கிடந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முடியாமல் தவழ்ந்துகொண்டே பின்பக்கம் போகப் பார்த்தான்.

"அம்மா, நான் வேணும்னு ஒடைக்கல."

"அது எங்க வூட்டுது பாவாடை. கவர்மெண்டு ஒத்தாச பண்ணுச்சி, அவ்ளோதான். ஒன்ன யாரும் புடிக்க மாட்டாங்க. வௌக்கு வுடச் சொன்னது நான்தான?"

"அப்ப எதுக்கும்மா அந்த ஆபீசரு வந்து போட்டோ புடிச்சாரு? எதுக்கு செவுத்துல எழுதி வெச்சாரு?"

செவ்வந்தி அழுதாள், வேடியப்பன் அதட்டிப் பார்த்தார். பாவாடை கீழே வரமாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே கிடந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. இன்னொரு நாள் விட்டால் ஆள் மிஞ்சமாட்டான் என்று பார்த்தாலே தெரிந்தது. அமிர்தம் திடீரென்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போலீசு வந்துச்சி பாவாடை. ஒன்னக் காணோம்னு ஐயாவ புடிச்சிக்கினு போய்ட்டாங்க. நீ வந்து சொன்னாதான் வுடுவாங்களாம்."

நான் திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன். வாழ்நாளில் பொய் சொல்லத் துணியாதவள் அவள். பாவாடை இடது கையை ஊன்றி எழுந்தான்.

"பஸ்ஸு எப்பம்மா?" என்றான்.

கள்ளக்குறிச்சி வரும்வரை அவன் முனகக்கூட இல்லை. ஊருக்குள் பஸ் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் மெதுவாகப் போனபோது கம்பியைப் பிடித்துத் தள்ளாடி எழுந்தான்.

"எங்க போற?" என்றாள் அமிர்தம்.

"ஐயாவ வுடச் சொல்லிட்டு வந்துடறன்மா. கைய அப்பறம் பாத்துக்கலாம்."

அமிர்தம் அவன் துண்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "பொய் சொன்னன் பாவாடை. ஐயாவ யாரும் புடிக்கல. ஒன்ன எழுப்ப எனக்கு வேற வழி தெரியல" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

அவன் நம்பவில்லை. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போடும்போதும், காய்ச்சலில் பிதற்றும்போதும், ஐயாவை விட்டுவிட்டார்களா என்றே கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் தெய்வசிகாமணி வந்து கட்டிலருகே நின்றார். பாவாடை கண்ணைத் திறந்து பார்த்தான். இடது கையை நீட்டி அவருடைய இரண்டு மணிக்கட்டையும் தடவித் தடவி, விலங்கு மாட்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்தான்.