மாமாவின் கல்வெட்டில் ஒரு வரி

ஞாயிறு காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, அந்த வாரம் என்ன எழுதினேன் என்று எனக்கு நானே கணக்குச் சொல்வது என் பழக்கம். பத்திரிகைக்கும் இணையத்தளங்களுக்கும் எழுதிப் பிழைக்கிறவளுக்கு மேலதிகாரி கிடையாது. ஏசுவதற்கும் நான்தான் வேண்டும். கட்டுரைப் பக்கம் பெரும்பாலும் பழுதில்லை. முருங்கையிலையின் நன்மைகள், வெயிலில் முகம் கறுக்காமல் இருக்க வழி, பிள்ளைகளும் கைபேசியும் என்று ஏதாவது தேறும். கதைப் பக்கம்தான் மானக்கேடு. என் கதாநாயகி தை மாதத்திலிருந்து நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஆவணியும் பிறந்துவிட்டது. பாவம், கால் கடுத்திருக்கும்.

இடையிடையே கல்வெட்டும் எழுதுவேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய வாழ்க்கையைப் பாட்டாக்கிச் சிறு புத்தகமாக அடிப்பார்கள். வீடு நிறைய ஆட்கள் இருக்க அதை ராகத்தோடு படித்து, வந்தவர்களுக்கும் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு.

பக்கத்து வீட்டு மாமா இறந்தபோது நானே முந்திக்கொண்டு போனேன். "கல்வெட்டை நான் எழுதித் தாறன் மாமி, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமா வேலிக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் விடும்போது என்னைக் கண்டால், "என்ன பிள்ளை, எழுத்து ஓடுதோ?" என்பார். "ஓடுது மாமா" என்பேன். இத்தனை வருடத்தில் அதற்கு மேல் நாங்கள் கதைத்ததே இல்லை.

ஒரு மாதம் கிடக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன். சந்தியில் நிற்கிறவளை எப்படியாவது பஸ் ஏற்றிவிட வேண்டும் என்ற விசர் வேறு தலைக்கேறியிருந்தது. நாளைக்குத் தராவிட்டால் அந்தியேட்டிக்குப் புத்தகம் வராது என்று அச்சகத்தில் சொன்னபோது, என்னிடம் ஒரு வரிகூட இல்லை. மானிப்பாயில் ஒரு பெரியவருக்கு முன்பு எழுதிய கல்வெட்டைக் கணினியில் திறந்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். அந்தப் பெரியவருக்கு வீடு நிறையப் பேரப்பிள்ளைகள். மகன், மகள், பேரன், பேத்தி என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி அழித்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அனுப்பியும் வைத்தேன்.

அந்தியேட்டி அன்று மாமியின் தமையன் கல்வெட்டைப் படித்தார். நல்ல குரல் அவருக்கு. நடுவில் இப்படி வந்தது:

தோளேறி விளையாடும் குஞ்சுக் கால்கள்
துணையின்றித் தேடுதையா உங்கள் தோளை.

அதில் பேரனும் இல்லை, பேத்தியும் இல்லை. என் தேடலில் அது எப்படி அகப்படும்? படித்தவர் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டுத் தொடர்ந்தார். யாரோ செருமினார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

சாப்பாடு முடிந்ததும் மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். ஏச்சு வாங்கத்தான் போனேன்.

"பிள்ளை, அந்தத் தோளிலை ஏறுற கதை உனக்கு ஆர் சொன்னது? அவரோ?"

நான் அடுப்பைப் பார்க்க, மாமியே தொடர்ந்தார்.

"பின்னேரத்திலை வாசல் படலையடியிலை நிண்டு, பள்ளிக்கூடம் விட்டுப் போற பிள்ளையளைப் பார்ப்பார். என்ரை தோள் சும்மா கிடக்குது எண்டு ஒருநாள் எனக்குச் சொன்னவர். நான் கவலைப்படுவன் எண்டு பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை. ஒருத்தரோடையும் மனம்விட்டுக் கதைக்காமல் போட்டாரே எண்டுதான் எனக்கு இவ்வளவு நாளும் அந்தரமாக் கிடந்தது. உனக்கெண்டாலும் சொன்னவரோ?"

அது மானிப்பாய்க்காரரின் பேரப்பிள்ளைகளின் கால் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஓம் மாமி, சொன்னவர்" என்றேன்.

மாமியின் முகம் தெளிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது. மாமி கிட்ட வந்து, "வேறை என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

ஆட்கள் உள்ளே வந்ததால் அன்று தப்பினேன். அடுத்த ஞாயிறு நான் தேத்தண்ணியோடு உட்கார, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அதே கேள்வி வந்தது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மாமிக்கு ஒன்று சொல்கிறேன். கலியாணம் முடித்த புதிதில் மாமா சீலை வாங்கப் போய், கடைக்குள் பெண்கள் நிற்பதைக் கண்டு கூச்சப்பட்டு, பக்கத்துக் கடையில் தலைவாரும் சீப்பு ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியதாகச் சொன்னேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நெல்லியடியில் நிற்கிறவளுக்கு ஒரு சொல் வராத எனக்கு, வேலியடியில் நின்றால் மட்டும் பொய் தண்ணீராய் வருகிறது. வெட்கம் கெட்ட வாய்.

போன ஞாயிறு இரண்டு கட்டுரை பாக்கி கிடந்தது. வேலியடிக்குப் போனதுமே, "மாமா உங்களைப் பற்றி எப்பவும் பெருமையாத்தான் கதைப்பார் மாமி. நல்ல மனுசி எண்டு சொல்லுவார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பப் பார்த்தேன்.

மாமி சிரிக்கவில்லை.

"சீப்புக் கதை வடிவா யோசிச்சுச் சொன்னனி பிள்ளை. இது அவசரத்திலை சொல்லுறாய்."

வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தவள் நின்றேன்.

"போ. போய் ஆறுதலா யோசிச்சுப்போட்டு வா" என்றார் மாமி. "நான் இஞ்சைதான் நிப்பன்."