கொட்டில் சுவரில் சூடு மிதித்த எருமைகள்

“...கண்ணை மட்டும் மறைச்சாப் போதாதா புள்ளே, முழுசா ஏன் பூசணும்?” என்று உம்மா கேட்டது எங்கள் கறவைப் பசுவிடம். பசுவுக்கு அந்தப் பக்கம், கையில் சுண்ணாம்பு வாளியோடு என் அக்காவின், அதாவது ராத்தாவின், கணவரான மச்சான் நின்றார். கேள்வி அவருக்குத்தான்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். எழுபதுகளின் கடைசியில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. “மருமகனுக்குச் சோறு ஆறுது எண்டு செல்லு” என்று உம்மா ராத்தாவிடம் சொல்வார். மச்சான் அடுத்த அறையில்தான் இருப்பார். ராத்தா இல்லாவிட்டால் பூனையிடம் சொல்வார். இன்று ராத்தா தன் மருமகனோடு தொலைபேசியில் சிரித்துச் சிரித்துக் கதைப்பதைப் பார்த்தால் உம்மா என்ன சொல்லியிருப்பாரோ, எந்தப் பூனையிடம் சொல்லியிருப்பாரோ.

மச்சான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். தொழில் எழுத்து, ஆசை மாடுகளை வரைவதில். உயிர்களின் உருவம் இருக்கும் வீட்டுக்கு மலக்குகள், அந்த வானவர்கள், வரமாட்டார்கள் என்பதால் வீட்டுச் சுவரைத் தொட வழியில்லை. மாட்டுக் கொட்டிலின் பின்சுவரை எடுத்துக்கொண்டார். மிஞ்சிய பெயின்டில், ஒரு போகம் முழுக்க வரைந்தார்: களத்தில் நெல் உதிரச் சூடு மிதிக்கும் எருமைகள், வைக்கோல் உதறும் ஆட்கள், வரம்பில் கொக்குகள், ஓரத்தில் ஒரு பசுவும் கன்றும்.

விடியலில் பால் கறக்கப் போகும் உம்மா, பசுவிடம் குறை சொல்வார். “எருமையெல்லாம் ஒவ்வொரு பக்கம் போகுதே. இது சூடு மிதிக்குதா, சந்தைக்குப் போகுதா?” அடுத்த கிழமை எருமைகள் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். “இவ்வளவு கொழுத்த கொக்கு பறக்க ஏலுமா?” கொக்கு மெலியும். ஒருநாள் உம்மா ஒன்றும் சொல்லாமல் கறந்துவிட்டு வந்தார். “மாமிக்குப் புடிச்சிட்டு” என்று மச்சான் ராத்தாவிடம் சொன்னாராம்.

அப்போதுதான் தங்கைக்குச் சாய்ந்தமருதிலிருந்து சம்பந்தம் வந்தது. முன்னர் ஒன்று பேசித் தட்டிப்போயிருந்தது. அவளுக்கு வீடு கட்டிக் கொடுக்க இருந்த இடம், கொட்டில் நின்ற பின்வளவு. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்க்க வருவதற்கு முதல்நாள் எங்கள் மாமா வந்து சுவரைப் பார்த்தார். “அவங்க பேணுதலான ஆக்கள். இதக் கண்டா வந்த வழியே போயிடுவாங்க. வெள்ளையடிச்சிடுங்க.”

“வந்த வீட்டுச் சுவருக்கு நான் வாய் காட்ட ஏலாது” என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டு, மச்சான் தானே சுண்ணாம்பு கரைத்தார். அப்போதுதான் உம்மா கொட்டிலுக்குள் வந்து பசுவிடம் அப்படிக் கேட்டார். முகத்தில் கண் இல்லாவிட்டால் அது உருவத்தில் சேராது என்று எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார்.

மச்சானும் பசுவைப் பார்த்தே பதில் சொன்னார்: “செய்யலாம். ஆனா அது என் கையால ஏலாது.”

உம்மா முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அவரைக் கடந்து போய், வாளிக்குள் விரலைத் தோய்த்தார். எருமைகள், ஆட்கள், கொக்குகள், பசு என்று ஒவ்வொரு கண்ணாக வெள்ளைப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். கன்றிடம் வந்ததும் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, வைக்கோல் கட்டொன்றை இழுத்துவந்து அதன் முகத்தை மறைத்துச் சாத்தி வைத்தார்.