கட்டைவிரலில் ஒரு சுழி

தங்கை கணவர் அவளுக்கு வைத்த பெயர் ‘ரேகை அண்ணி’. எந்த நேரத்தில் வைத்தாரோ, அது தங்கையின் குடியிருப்பு முழுக்கப் பரவி, லிஃப்டில் அகப்படுகிறவர்கள் எல்லாம் அவளிடம் உள்ளங்கையை நீட்ட ஆரம்பித்தார்கள்.

“சொந்த வீடு அமையுமான்னு பாத்துச் சொல்லுங்களேன்.”

“ஆள்காட்டி விரல்ல நல்ல சுழி ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்பாள்.

அவள் கணித ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். கருவிலிருக்கும் குழந்தையின் விரல்நுனியில் ரேகை எப்படி விழுகிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. தோலுக்குள் ஒரு பொருள் ‘இங்கே மேடு எழும்பட்டும்’ என்று தூண்டும். இன்னொன்று அதைவிட வேகமாகச் சுற்றிலும் பரவி, ‘பக்கத்தில் வேண்டாம்’ என்று அடக்கும். இந்த இழுபறியில் மேடும் பள்ளமுமாக வரிகள் உண்டாகும். நகத்தடியிலிருந்தும் விரல்மடிப்பிலிருந்தும் நடுச்சதையிலிருந்தும் அவை அலை அலையாகக் கிளம்பி வந்து ஒன்றையொன்று முட்டும்போது ரேகை வளையும். திரையில் அந்த வரிகள் ஊர்ந்து வருவதைப் பார்க்க உட்கார்ந்தால் அவளுக்குச் சாப்பாட்டு நினைவே வராது.

இத்தனை வருடத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் விரலை அவள் உற்றுப் பார்த்ததில்லை. அந்த வாய்ப்பைத் தங்கை கொடுத்தாள், அதுவும் இரட்டையாக. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரண்டு பெண்கள். ஒருத்தியைப் பார்த்தால் மற்றவளைப் பார்க்க வேண்டாம். பெரியம்மா ஆன கையோடு அவள் பூதக்கண்ணாடி லென்ஸ் ஒன்றைக் கைபேசியில் பொருத்திக்கொண்டு போய் நின்றாள். குழந்தைகள் கையை இறுக்கி மூடிக்கொண்டார்கள். சரி, கால் கட்டைவிரலாவது கிடைக்கட்டும் என்று, மூத்தவள் எது இளையவள் எது எனக் குறித்துக்கொண்டு படம் எடுத்தாள்.

“புள்ளைங்க மூஞ்சிய யாராச்சும் எடுங்கப்பா. இவ காலையே எடுத்துக்கிட்டிருக்கா,” என்று தங்கை படுத்தபடியே சிரித்தாள்.

சில வாரங்களில் மூத்தவளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. காலையும் மாலையும் மருந்து புகட்டச் சொன்னார் டாக்டர். மாறிவிடக்கூடாது என்று தங்கை அவளுக்குச் சிவப்புக் காலுறையும் இளையவளுக்கு மஞ்சளும் போட்டு வைத்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் தங்கை கணவர், “நீ கொஞ்சம் படு, நான் பாத்துக்கறேன்” என்று பெரிய மனசு பண்ணி இருவரையும் குளிப்பாட்டினார். ஒருத்தி அழ, அவளை எடுக்க, மற்றவள் அழ, இவளை வைக்க என்று அல்லாடி முடித்தபோது காலுறைகள் எல்லாம் தொட்டித் தண்ணீரில் மிதந்தன. துண்டின் மேல் இரண்டு வெற்றுடம்புகள் கிடந்தன.

தங்கை போன் செய்தாள். “அக்கா, எவ பெரியவன்னு தெரியல. மருந்து நேரம். பெத்தவ நான், எனக்கே தெரியல.”

அவள் இருந்தது அடுத்த தெருவில். கால் போன வேகத்தில் ஓடினாள். தங்கை கணவர் பரீட்சையில் கோட்டை விட்ட பையனைப் போலக் கதவருகே நின்றார்.

“திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்க அண்ணி. முதல்ல பாருங்க.”

லென்ஸைக் காலருகே கொண்டுபோனால் குழந்தை உதைத்தது. முழங்காலை மெதுவாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒருத்தியின் வலது கால் கட்டைவிரலில் ரேகை ஒரு பக்கமாக வந்து வளைந்து திரும்பிப் போயிற்று. மற்றவளுக்கு அதே விரலில் அழகான சுழி. பிறந்த அன்று எடுத்த படங்களோடு வைத்துப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இடது காலையும் பார்த்தாள்.

“சுழி இருக்கிறவதான் பெரியவ. மருந்த எடு.”

மருந்து உள்ளே போன பிறகுதான் தங்கை அழுதாள். “என்ன அம்மா நான்? நீ வந்து சொல்ல வேண்டியிருக்கு.”

“நான் மட்டும் மூஞ்சியப் பாத்தா சொன்னேன்? மூஞ்சிய வச்சுச் சொல்லணும்னா நான் உன்னையே நம்ம அம்மான்னு சொல்லிடுவேன்.”

தங்கைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. தங்கை கணவர் சத்தமில்லாமல் போய்க் காலுறைகளைப் பிழிந்து காயப்போட்டார்.

அவளுக்கோ அந்தச் சுழி மனதை விட்டுப் போகவில்லை. ஒரே கரு, ஒரே வயிறு. ஒருத்திக்குச் சுழி, ஒருத்திக்கு வளைவு. அவளுடைய கணக்கில் விரல்நுனிச் சதை கடைசிவரை ஒரே உயரத்தில் நின்றது. உண்மையில் அது கருவிலேயே புடைத்து எழுந்து பிறகு அமுங்குகிற சதை. அது அமுங்குவதைக் கணக்கில் சேர்த்து, ஒரு விரலில் சற்று முன்னதாகவும் இன்னொன்றில் சற்றுத் தாமதமாகவும் நடக்கவிட்டாள். புடைப்பு இறங்குவதற்குள் வரிகள் வந்துவிட்ட விரலில் சுழி விழுந்தது; இறங்கிய பின் வந்த விரலில் வளைவு. நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னலோரம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். பக்கத்து அறைக்காரரிடம்கூட உடனே சொல்லத் தோன்றவில்லை. கட்டைவிரலுக்கு அடுத்த விரலுக்கு அந்தக் கணக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது குழந்தைகள் ஓடியாடுகிறார்கள். யார் வந்தாலும் பாய்ந்து காலைக் கட்டிக்கொள்கிறவள் மூத்தவள். கதவுக்குப் பின்னால் நின்று ஆளை எடைபோட்டுவிட்டு வருகிறவள் இளையவள். வீட்டில் யாருக்கும் குழப்பமில்லை, பெரியம்மாவைத் தவிர. அவள் சரியாகவே கூப்பிட்டாலும், “நான் அவ இல்ல, பெரியம்மா” என்று இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் நம்பி, மன்னிப்புக் கேட்பாள்.